ஒன்றுக்கு நூறு: பன்னிரண்டு திமிங்கிலங்களும் ஓர் அடிமட்டமும்

"வாழும் திமிங்கிலங்கள் ஏழு, அழிந்துபோன திமிங்கிலங்கள் ஐந்து, பன்னிரண்டும் ஒன்றுக்கு நூறு என்ற ஒரே அளவுத்திட்டத்தில்" என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த உருவப் பெட்டி ஒன்றைக் கடந்த மாசி மாதத்தில் இணையவழியாக வாங்கினேன். கொழும்பிலுள்ள விற்பனையாளர் ஒருவருக்குக் கூரியர் செலவும் சேர்த்து 14,800 ரூபா செலுத்திவிட்டுப் பத்தொன்பது நாட்கள் காத்திருந்த பிறகு, திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டுப் படலைக்கு அது வந்து சேர்ந்தது. தயாரிப்பாளரின் பெயர் பெட்டியில் சீன எழுத்துகளில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது. விற்பனையாளரின் பெயரை எழுதுவதாலும் வாசகருக்குப் பயனில்லை, ஏனெனில் இதே பெட்டி இதே படத்துடன் வெவ்வேறு விலைகளில் பல இடங்களில் கிடைக்கிறது. ஆகவே பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திமிங்கில உருவங்களைச் சேர்ப்பவருக்கு அளவுத்திட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டுப் பொருட் கடையின் தட்டில் நீலத் திமிங்கிலமும் கொலைத் திமிங்கிலம் எனப்படும் ஓர்காவும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்கான விடை தெரிந்திருக்கும். உருவத்தின் நீளத்தை அங்கே விலையும் அட்டைப்பெட்டியின் அகலமும் தீர்மானிக்கின்றன, விலங்கு தீர்மானிப்பதில்லை. ஒன்றுக்கு நூறு என்றால் உருவத்தில் ஒரு சென்ரிமீற்றர் கடலில் ஒரு மீற்றராகும். அந்தக் கணக்கில் நடுத்தர உயரமுள்ள ஒரு மனிதர் ஒரு புளியங்கொட்டையின் உயரமே இருப்பார். எங்கள் கரையிலிருந்து புறப்படும் பைபர் வள்ளம் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமாக இருக்கும். மேசையில் ஒரு தீப்பெட்டியையும் இரண்டு புளியங்கொட்டைகளையும் வைத்து, அவற்றுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து சென்ரிமீற்றர் நீளமான ஒரு நீலத் திமிங்கிலத்தை வைத்துப் பாருங்கள். வள்ளத்தில் போனவர்கள் கரைக்கு வந்தபின் ஏன் சிறிது நேரம் பேசாமல் இருக்கிறார்கள் என்பது புரியும். இந்தப் பெட்டியை வாங்கத் தூண்டியது அந்த வாக்குறுதிதான் என்பதால், முதலில் அதையே சோதித்தேன்.

வளைந்த உடலை அடிமட்டத்தால் நேராக அளந்தால் நீளம் குறைந்து காட்டும். ஆகையால் தையல் நூல் ஒன்றை மூக்கு நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை உடலின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, பின்னர் அந்த நூலை அடிமட்டத்தில் வைத்து அளந்தேன். நீலத் திமிங்கிலம் 25.8 சென்ரிமீற்றர், துடுப்புத் திமிங்கிலம் 20.5, கூனல் திமிங்கிலம் 15.2, ஸ்பேர்ம் திமிங்கிலம் 16.4, வில்தலைத் திமிங்கிலம் 16 என்று வந்தன. இவை ஐந்தும் அந்தந்த இனத்தில் நன்கு வளர்ந்த ஒரு விலங்கின் நீளத்துக்குப் பொருந்துகின்றன. அழிந்தவற்றில் பசிலோசோரஸ் 18.6, லிவியத்தான் 16, பெருசீற்றஸ் 19 என்ற அளவுகளும் ஆய்வாளர்கள் சொல்லும் எல்லைக்குள் அடங்குகின்றன. எட்டு உருவங்கள் வரை விளம்பரம் பொய் சொல்லவில்லை.

மற்ற நான்கும் தேறவில்லை. ஓர்கா 12.6 சென்ரிமீற்றர் இருக்கிறது. ஏழரை மீற்றர் நீளமான ஒரு பெரிய ஆண் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அது ஒன்றுக்கு அறுபதாகிறது. கொம்பை நீக்கி அளந்தால் நார்வால் ஒன்றுக்கு நாற்பத்தேழு. நான்கு கால்களோடு வாழ்ந்த ஆதித் திமிங்கிலமான அம்புலோசீற்றஸ் ஏறத்தாழ ஒன்றுக்கு இருபத்தொன்பது. அதேபோலக் கால்களுள்ள பாக்கிசீற்றஸ் 8.8 சென்ரிமீற்றர் இருப்பதால், அந்த நாயளவு விலங்குக்கு ஒன்றுக்குப் பதினாறு என்றுதான் கணக்கு வருகிறது. நீளத்தில் உள்ள பிழை அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்து பெருகுவதால் பருமனில் மும்மடிப் பெருக்கமாக வளரும் என்பதை மறக்கக் கூடாது. ஓர்காவின் நீளம் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடியிருக்கிறது, ஆனால் அதன் உடல் இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. கண்ணுக்கு முதலில் படுவது அந்தப் பருமன்தான். பாக்கிசீற்றஸ் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குள் அடங்கி, புளியங்கொட்டை மனிதருக்குப் பக்கத்தில் வீட்டு நாயைப் போல நிற்க வேண்டியது. பெட்டியிலோ அது ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் பாதி நீளத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அவ்வளவு சிறிய உருவத்தை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள் என்று தயாரிப்பாளர் நினைத்திருப்பார், அது நியாயமான நினைப்பும்கூட. அப்படியானால் ஒவ்வொரு உருவத்தின் வயிற்றிலும் அதற்குரிய அளவுத்திட்டத்தைப் பொறித்துவிட்டு, பெட்டியின் மேலுள்ள "ஒரே" என்ற சொல்லை எடுத்திருக்கலாம்.

இனி ஒவ்வொன்றாக. நீலத் திமிங்கிலத்தைப் பொறுத்தவரை திருகோணமலைக்காரர் எவருக்கும் ஒரு கருத்து இருக்கும். கடலடிப் பள்ளத்தாக்கொன்று கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே நுழைந்து கிடப்பதால், ஆழ்கடல் இங்கே கரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணியும் மாதங்களில், கோணேசர் கோயில் முற்றத்திலிருந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கும் தூரத்து நீராவித் தூண் அகப்படுவதுண்டு. ஆயினும் நாங்கள் காண்பது மூச்சும் முதுகும் வாலும் மட்டுமே. வயிற்றையும் தாடையையும் முழு நீளத்தையும் ஒருசேரக் கண்டவர் எவரும் எங்கள் ஒழுங்கையில் இல்லை. அந்தக் குறையை நிரப்புவதே ஒரு நல்ல உருவத்தின் வேலை.

இந்த உருவம் அந்த வேலையைப் பாதி செய்கிறது. உடல் மெலிந்து நீண்டிருப்பது மிகச் சரி. மலிவான உருவங்கள் பலவற்றில் தொண்டை தவளையின் தொண்டைபோல ஊதியிருக்கும். இரையோடு சேர்த்து நீரை வாய்கொள்ள அள்ளும் சில நொடிகளிலும், இறந்து கரையொதுங்கிய உடலிலும் மட்டுமே தொண்டை மடிப்புகள் அவ்வாறு விரியும். நீந்திச் செல்லும் திமிங்கிலத்தில் அவை ஒட்டிக் கிடக்கும் என்பதை இந்தச் சிற்பி அறிந்திருக்கிறார். மடிப்புகளைக் கைக்கண்ணாடி வைத்து எண்ணினேன். முப்பத்துநான்கு இருந்தன, உண்மையில் அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். இந்த அளவில் அவ்வளவு நுண்மையாக அச்சு வெட்டுவது கடினம் என்பதால் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. மூக்கின் மேல் ஒற்றை வரம்பு மட்டும் ஓடுவதும், மூச்சுத் துளைகள் இரண்டாக இருப்பதும் சரி.

முதுகுச் செட்டைதான் கெடுத்துவிட்டது. உருவத்தை மேசையில் வைத்திருந்த அன்று, நாற்பது வருடம் கடலுக்குப் போன பக்கத்து வீட்டு ஐயா வந்திருந்தார். கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உடம்பு சரி தம்பி. ஆனா இது சுறாவின்ர செட்டை. அவருக்கு முதுகிலை ஒரு நகமளவுதான் இருக்கும், அதையும் தாழேக்கைதான் காட்டுவார்" என்றார். அவர் போன பிறகு அளந்து பார்த்தேன். செட்டையின் உயரம் ஒன்பது மில்லிமீற்றர். உண்மையான செட்டை ஓரடிதான் இருக்கும் என்பதால், அது மூன்று மில்லிமீற்றராகத்தான் அமைந்திருக்க வேண்டும். நான் மணல்தாளால் தேய்த்துக் குறைத்து, வெளிப்பட்ட வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல் சாம்பல் நீலம் பூசிவிட்டேன். அந்தத் துணிவு இல்லாதவர்கள் சுறாச் செட்டையுடன்தான் வாழ வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 25.8 சென்ரிமீற்றர் என்பது தென்துருவக் கடலின் நீலத் திமிங்கிலத்துக்கு நன்றாகப் பொருந்தும். எங்கள் கடலில் ஆண்டு முழுவதும் தங்கி, குளிர்க்கடலுக்குப் போகாமலே வாழும் வட இந்துசமுத்திர வகை அதைவிடக் குட்டையானது. இருபத்திரண்டு சென்ரிமீற்றர் உருவமொன்று கிடைத்திருந்தால் அதை "எங்கட" என்று சொல்லியிருப்பேன். உலகின் எந்த உருவத் தயாரிப்பாளரிடமும் இதற்காகக் கோபித்துக்கொள்ள முடியாது என்பதும் தெரியும்.

துடுப்புத் திமிங்கிலத்தில் ஒரே ஒரு சோதனை போதும். அதன் கீழ்த்தாடை வலப்பக்கம் வெள்ளையாகவும் இடப்பக்கம் கருமையாகவும் இருக்கும். இரு பக்கமும் ஒரே நிறமாக இல்லாத இந்த விந்தைதான் அந்த இனத்தின் அடையாளம். இங்கே இரு பக்கமும் வெள்ளை பூசியிருக்கிறார்கள். நார்வாலின் கொம்பு உண்மையில் இடப்புற மேற்பல் ஒன்று நீண்டு இடஞ்சுழியாக முறுக்கிக்கொண்டு வெளிவருவது. உருவத்தில் அது நெற்றிப்பொட்டுக்கு நேரே, காண்டாமிருகத்துக்குப் போல, நடுவில் நட்டிருக்கிறது. கூனல் திமிங்கிலம் நன்று. உடல் நீளத்தில் மூன்றிலொரு பங்கு இருக்க வேண்டிய கைச்செட்டை சற்றே குறுகியிருந்தாலும், அதன் முன்விளிம்பிலுள்ள முண்டுகள் ஒவ்வொன்றாக வார்க்கப்பட்டிருக்கின்றன. வில்தலைத் திமிங்கிலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகுச் செட்டை இல்லை, தாடை வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகளின் வரிசை, கேட்டதெல்லாம் இருக்கிறது.

பெட்டியின் விலையில் பாதியை ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்காகவே கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான உருவங்களில் இதன் தலையைச் சதுரப் பெட்டியாக வார்த்து, நடு உச்சியில் ஒரு துளையைப் போட்டுவிடுவார்கள். இந்தச் சிற்பியோ மூச்சுத் துளையை முன்னந்தலையின் இடது ஓரத்தில், சற்றே வளைந்த ஒற்றைக் கீறலாக வைத்திருக்கிறார். அந்த இடம் காரணமாகவே இதன் மூச்சு நேரே எழாமல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து எழும். எங்கள் படகோட்டிகள் ஒரு கிலோமீற்றர் தூரத்திலேயே "இது மற்றது" என்று சொல்வது அந்தச் சாய்வைக் கண்டுதான். தலைக்குப் பின்னாலுள்ள தோல் காய்ந்த பேரீச்சம்பழம்போலச் சுருங்கியிருக்கிறது. முதுகில் உண்மையான செட்டை இல்லை. தாழ்ந்த ஒரு மேடும், அதிலிருந்து வால்வரை இறங்கும் சிறு முண்டுகளும் மட்டுமே. ஒடுங்கிய கீழ்த்தாடையை நகத்தால் மெல்ல அழுத்தினால் வாய் சிறிது திறக்கும். உள்ளே வாயின் ஓரம் வெள்ளையாகப் பூசப்பட்டிருக்கிறது, பற்கள் கீழே மட்டும் இருக்கின்றன. இதற்கு மேல் இந்த விலையில் எதிர்பார்ப்பது பேராசை.

ஒரு சிறு மனக்குறை மட்டும் உண்டு. 1982 முதல் 1984 வரை "துலிப்" என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இலங்கையைச் சுற்றிய கடலில், எங்கள் கரைக்கு வெளியிலும், ஸ்பேர்ம் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்ததைத் தொடர்ந்து நடந்த ஆய்வு அது. இந்த வெப்பக் கடலில் கூட்டமாக வாழ்வன பெண்களும் குட்டிகளுமே. வளர்ந்த ஆண்கள் துருவப் பக்கத்துக் குளிர்நீருக்குப் போய், இனப்பெருக்கத்துக்காக மட்டும் இடைக்கிடை வந்து போகும். பெண் பதினொரு மீற்றரைத் தொட்டாலே பெரிது. உருவம் செய்பவர்கள் எல்லோரும் பதினாறு மீற்றர் ஆணையே செய்கிறார்கள். பதினொரு சென்ரிமீற்றர் பெண் நான்கும் நான்கு சென்ரிமீற்றர் குட்டி ஒன்றும் கொண்ட சிறு பெட்டியொன்று வருமானால், அதற்கு முதலில் பணம் கட்டுபவன் நானாக இருப்பேன்.

அழிந்தவற்றைப் பார்க்கும்போது வேறொரு அளவுகோல் தேவைப்படுகிறது. எலும்பு சொல்லும் இடத்தில் சிற்பி எலும்புக்குக் கட்டுப்பட்டாரா, எலும்பு இல்லாத இடத்தில் எவ்வளவு அடக்கமாகக் கற்பனை செய்தார் என்பதே கேள்வி. பசிலோசோரஸ் என்ற பெயருக்கு "அரச பல்லி" என்று பொருள். 1834இல் அதற்குப் பெயரிட்ட ரிச்சர்ட் ஹார்லன் அதை ஊர்வன என்றே நம்பினார். அது பாலூட்டி என்று ரிச்சர்ட் ஓவன் பின்னர் காட்டியபோதும் பழைய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இந்த உருவத்தில் மூச்சுத் துளை உச்சந்தலையில் இல்லாமல் மூக்கின் பாதி வழியில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன், ஏனெனில் அந்தக் காலத் திமிங்கிலங்களில் மூக்குத் துளை இன்னும் உச்சிக்கு நகர்ந்து முடியவில்லை. ஆனால் 1990இல் எகிப்தின் பாலைநிலத்துப் புதைபடிவங்களிலிருந்து விவரிக்கப்பட்ட அந்தப் புகழ்பெற்ற பின்னங்கால்கள்? பதினைந்து மீற்றருக்கு மேற்பட்ட உடலில் அவை ஒரு முழம்தான் இருக்கும். இந்த அளவில் நான்கைந்து மில்லிமீற்றர். என்னுடைய உருவத்தில் வலது கால் இருந்தது, இடது கால் இருக்கவில்லை. உடைந்த தழும்பும் இல்லை. படமெடுத்து அனுப்பியதும் விற்பனையாளர் மறுப்புச் சொல்லாமல் வேறொன்றை அனுப்பினார், அதற்காக நன்றி. அதிலும் இடது கால் இல்லை. ஆகவே பிழை அச்சிலேயே இருக்கிறது, எத்தனை முறை மாற்றினாலும் ஒற்றைக் கால்தான் வரும்.

லிவியத்தான் பெரு நாட்டில் கிடைத்த ஒரு மண்டையோட்டை வைத்து 2010இல் விவரிக்கப்பட்டது. அதன் பெரும் பற்கள் வேரோடு சேர்த்து 36 சென்ரிமீற்றர். இன்றைய ஸ்பேர்ம் திமிங்கிலத்தைப் போலன்றி மேல்தாடையிலும் முழுப் பற்கள். நம் பழைய நிகண்டுகளில் "திமி"யை விழுங்குவது திமிங்கிலம், அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று ஒரு வரிசை வரும். சிறிய திமிங்கிலங்களை வேட்டையாடியதாகக் கருதப்படும் இந்த விலங்கைவிட அந்தப் பெயருக்கு உரியது எது என்று எனக்குத் தெரியவில்லை. உருவத்தில் பற்களின் வெளித்தெரியும் பகுதியே நான்கு மில்லிமீற்றர் இருக்கிறது, அது வேர் உட்பட முழுப் பல்லின் அளவையும் தாண்டுகிறது. மிரட்டுவதற்காகச் செய்த மிகை. எனினும் மண்டையோடு தவிர உடல் கிடைக்காத விலங்குக்கு, ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் உறவினர் என்ற முறையில், சாதுவான ஓர் உடலைக் கொடுத்து நிறுத்திக்கொண்டது நல்ல முடிவு.

பெருசீற்றஸ் 2023இல்தான் உலகுக்கு அறிமுகமானது. பதின்மூன்று முதுகெலும்புகள், நான்கு விலா எலும்புகள், ஓர் இடுப்பெலும்பு, இவ்வளவே கிடைத்தவை. தலை கிடைக்கவேயில்லை. ஆகவே இந்த உருவத்தின் தலை முழுக்கச் சிற்பியின் கற்பனை, அதைச் சிறிதாகவும் மொட்டையாகவும் விட்டிருப்பதை அடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் வந்த துண்டுத்தாள் "340 தொன், உலகில் தோன்றிய விலங்குகளிலேயே மிகப் பாரமானது" என்று தயக்கமின்றி எழுதுகிறது. 340 என்பது முதல் ஆய்வு கொடுத்த 85 முதல் 340 வரையான வீச்சின் உச்சி மட்டுமே. 2024இல் வந்த மறுகணிப்பு அதை 60 முதல் 114 தொன் வரை இறக்கிவிட்டது. அதன்படி பார்த்தால், அதே பெட்டியில் பக்கத்துக் குழியில் படுத்திருக்கும் நீலத் திமிங்கிலமே இன்னும் முதலிடத்தில் இருக்கிறது.

பாக்கிசீற்றஸுக்கு 1981இல் பெயர் வைக்கப்பட்டபோது தலையெலும்பை மட்டும் வைத்து அதைக் கடல்நாய்போல வரைந்தார்கள். 2001இல் கால் எலும்புகள் வெளிவந்த பிறகுதான் அது தரையில் ஓடிய, குளம்புள்ள விலங்குகளின் உறவு என்று தெளிந்தது. உருவம் புதிய கருத்தையே பின்பற்றுகிறது. அம்புலோசீற்றஸும் முதலைபோல நீண்ட மூக்கோடு நன்றாகவே இருக்கிறது. இரண்டும் நம் துணைக்கண்டத்துப் பாறைகளிலிருந்து, இன்றைய பாகிஸ்தானிலிருந்து, கிடைத்தவை என்பதால் அவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அளவுத்திட்டத்தைக் கெடுப்பதால் மட்டும் அவற்றை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

பொருளின் தரத்துக்கு வருவோம். மென்மையான பீ.வி.சி.யால் வார்க்கப்பட்டிருப்பதால் திறந்தவுடன் புதுச் செருப்பின் மணம் வீசியது, இரண்டு நாள் காற்றாட வைத்ததும் போய்விட்டது. அச்சு இணைப்புக் கோடு வயிற்றில் தெரிகிறது, முதுகில் தெரியவில்லை. பயணத்தில் கூனல் திமிங்கிலத்தின் ஒரு கைச்செட்டை மடிந்து வந்திருந்தது. கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டதும் சரியாகிவிட்டது. அதே காரணத்தால் எங்கள் ஊரின் வைகாசி வெயிலில் இவற்றை யன்னல் ஓரத்தில் வைப்பது தவறு. இளகிய பிளாஸ்டிக் தன் பாரத்தாலேயே வளையும், நிறம் வெளுக்கும், நாட்பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுப்பு ஊறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். நார்வாலின் கொம்பு மூன்றாம் வாரத்திலேயே தொங்கத் தொடங்கியது. கண்ணாடி அலுமாரியில், நேர் வெயில் படாத சுவரோரமாக வைத்தால் கவலையில்லை.

பிள்ளைகளுக்காக வாங்குபவர்கள் இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம், உருவங்கள் உறுதியானவை, விளிம்புகள் குத்தாதவை. சேகரிப்பதற்காக வாங்குபவர்களுக்கு என் ஆலோசனை வேறு. இதே விற்பனையாளரிடம் உருவங்கள் தனித்தனியாகவும் கிடைக்கின்றன என்பதை நான் பெட்டியை வாங்கிய பிறகுதான் கண்டேன். ஸ்பேர்ம் திமிங்கிலம் 1,450 ரூபா, நீலத் திமிங்கிலம் 1,900, கூனல் 1,400, லிவியத்தான் 1,450, பெருசீற்றஸ் 1,600. ஐந்தும் 7,800 ரூபாவுக்கு முடிந்துவிடும், கூரியர் செலவு வேறு. பசிலோசோரஸை, அச்சைத் திருத்திவிட்டார்களா என்று இடது பக்கத்துப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்த பின்னரே சேர்த்துக்கொள்ளுங்கள்.